எடைக்கல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாமான்களைத் தேடி வாங்கும் தமிழ் நண்பர்களுக்கு,

ஏலக் கூடங்களிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் உங்களை அடிக்கடி பார்க்கிறேன். கொடிபோல வளைந்த கைப்பிடி வைத்த கிண்ணம், நீலப்பச்சை எனாமல் ஏற்றிய சிறு பெட்டி, கூந்தல் அலையும் பெண்முகம் புடைத்து நிற்கும் கைக்கண்ணாடி என்று, 1890க்கும் 1910க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த வெள்ளிச் சாமான்கள் மீது நம்மவர்களில் சிலருக்கு மோகம் பிறந்திருக்கிறது. நல்ல மோகம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பொருளைக் கையில் எடுத்ததும் நீங்கள் கேட்கிற இரண்டு கேள்விகள் என்னை உறுத்துகின்றன. முதல் கேள்வி, ‘எத்தனை கிராம்?’ இரண்டாவது, வடிவமைப்பாளர் ஆர்ச்சிபால்ட் நாக்ஸை மனதில் வைத்து, ‘நாக்ஸ் செய்ததா?’ இந்த இரண்டையும் இந்தச் சாமானிடம் கேட்டுப் பயனில்லை என்பது என் கட்சி.

எடையை முதலில் முடித்துவிடுவோம். நம் வீடுகளில் வெள்ளி என்பது பாதி சேமிப்பு. குத்துவிளக்கோ பாலாடையோ, ரசீதில் எடை கூடுதலாகவும் செய்கூலி குறைவாகவும் இருந்தால்தான் வாங்கியவருக்கு நிம்மதி. இங்கே கணக்கு தலைகீழ். ஒப்பனை மேசைத் தூரிகையின் முதுகில் இருப்பது மரத்தின்மேல் போர்த்திய மெல்லிய தகடு. படச்சட்டமும் அப்படியே, முன்னால் வெள்ளி, பின்னால் மரம். கனமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து தூக்கும் மெழுகுவத்தித் தண்டுக்குள் கீல் ஊற்றி நிரப்பியிருப்பார்கள். தராசில் வைத்தால் நீங்கள் நிறுப்பது கீலைத்தான். இந்தச் சாமான்களில் செய்கூலியே சரக்கு. உலோகம் அதற்கு ஒரு சாக்கு.

இதைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. 1980 ஜனவரியில் ஹண்ட் சகோதரர்கள் என்ற அமெரிக்கச் செல்வந்தர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாட்டி காலத்துக் கிண்ணங்களும் தேநீர்ப் பாத்திரங்களும் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. சில வாரங்களில் விலை சரிந்தது, உருகியவை உருகியவைதான். இன்று மறுபடி வெள்ளி விலை ஏறிக் கிடக்கிறது. உருக்கு விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து வாங்கி, விலை ஏறினால் உருக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து வெள்ளிக் கட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு வடிவம் தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

ஆர்ட் நூவோ என்று நாம் சொல்லும் பாணியை அந்நாளைய ஆங்கிலேயர்கள் எல்லாரும் விரும்பி ஏற்கவில்லை. 1900 பாரிஸ் கண்காட்சியில் வாங்கிய புதுப்பாணி மேசை நாற்காலிகளை ஜார்ஜ் டொனால்ட்சன் என்பவர் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, கட்டடக் கலைஞர்கள் 1901இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். மாணவர்கள் கெட்டுப்போவார்களாம். கடைசியில் அந்தச் சாமான்களை லண்டனின் கிழக்குக் கோடியில் பெத்னல் கிரீனுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே ஆங்கிலேய வெள்ளியில் நாம் காணும் வளைவு, பாரிஸிலிருந்து அப்படியே வந்து இறங்கியது அல்ல. அதில் பாதி, வில்லியம் மாரிஸ் காலத்திலிருந்து வளர்ந்த கைவினை இயக்கத்தின் பிடிவாதம். மீதியில் கெல்டிக் கற்சிலுவைகளின் பின்னல் இருக்கிறது, கடைக்காரரின் கணக்கும் இருக்கிறது.

பிடிவாதத்துக்கு ஓர் ஆள் சொல்லவேண்டுமானால் சார்லஸ் ராபர்ட் ஆஷ்பி. கட்டடக் கலைஞர். 1888இல் கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பலில் ‘கில்ட் ஆஃப் ஹாண்டிகிராஃப்ட்’ என்ற கைவினைச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளி வேலையில் தேர்ந்த ஆட்களைத் தேடிப் போகவில்லை. வந்த பையன்களை வைத்துக்கொண்டு அவர்களோடு தானும் கற்றுக்கொண்டார். இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி எழுதிய தொழில் நூலை அவர்களுக்காகவே மொழிபெயர்த்து 1898இல் அச்சிட்டார். பட்டறையில் ஒரு சந்தேகம் வந்தால் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆசானிடம் போய்க் கேட்கிற ஏற்பாடு!

அந்தப் பட்டறையிலிருந்து வந்த வளையக் கைப்பிடிக் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள். அகலமில்லாத சிறு கிண்ணம். விளிம்பிலிருந்து வெள்ளிக் கம்பிகள் கிளம்பிக் காற்றில் ஒரு பெரிய வளையம் போட்டுக் கீழே வந்து சேரும். கம்பிகள் கூடும் இடத்தில் ஒரு பச்சைக்கல். ஜாமோ வெண்ணெயோ வைக்கிற பாத்திரம்தான். கிண்ணத்தைவிடக் கைப்பிடி பெரிது. வாணலிக்கு அப்படி வைத்தால் சிரிப்போம். இங்கே அந்த மிகைதான் அழகு. இவர்களுடைய மதுக்குடுவைக்கு ஒரு கதை உண்டு. செல்சியில் தாயாருக்காக வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த பழங்காலக் கண்ணாடிப் புட்டியின் வடிவத்தை எடுத்து, பாவெல் நிறுவனத்தாரிடம் பச்சைக் கண்ணாடியில் ஊதச் சொல்லி, அதன்மேல் வெள்ளிக் கம்பிகளைக் கூண்டாகக் கட்டினார் ஆஷ்பி. இங்கிலாந்தில் இந்தப் பாணியில் செய்ததிலேயே என் கண்ணுக்கு உயர்ந்தது அந்தக் குடுவைதான். மற்றவர்கள் வெள்ளிவேலைக்காரர் ஓமர் ராம்ஸ்டன் பக்கம் சாய்வார்கள், சாயட்டும். அவருடைய சாமானில் எனக்குக் கொஞ்சம் அலங்காரம் தூக்கல்.

ஆஷ்பி பட்டறைச் சாமானின் மேற்பரப்பு மெருகேறிப் பளபளக்காது. கை வேலையை விளங்கிக்கொண்டால் காரணம் தெரியும். வட்டத் தகட்டை இரும்பு முளையின்மேல் சாய்த்துச் சுத்தியலால் வட்டமாக அடித்துக்கொண்டே வரவேண்டும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிப்போகும். அதற்குமேல் அடித்தால் வெடிக்கும். நெருப்பில் காய்ச்சி இளக்கி, அமிலத்தில் போட்டுக் கறுப்பெடுத்து, மறுபடி அடி. இப்படிப் பல சுற்று. வடிவம் வந்தபின் பளபளப்பான தட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன்படுத்துவார்கள். அந்தக் கடைசித் தட்டல்கள் சின்னச் சின்ன முகங்களாக மேற்பரப்பில் தங்கிவிடும். வழக்கமான கடைவேலையில் அவற்றைத் தேய்த்து அழித்துக் கண்ணாடிபோல ஆக்குவார்கள். ஆஷ்பியின் ஆட்கள் விட்டுவைத்தார்கள். வெளிச்சம் பட்டால் மென்மையாகச் சிதறும்.

இந்தச் சுத்தியல் தடம்தான் பின்னால் மோசடிக்கும் வழி விட்டது.

ஆர்தர் லேசன்பி லிபர்டி 1875இல் லண்டன் ரீஜண்ட் தெருவில் கடை திறந்தவர். கிழக்கு நாட்டுப் பட்டும் ஜப்பானியச் சாமானும் விற்றுப் பெயர் வாங்கியவர். இந்தியத் துணிகளுக்கு லண்டன் சீமாட்டிகளிடம் கிராக்கி ஏற்படுத்தியதில் அவருக்கும் பங்குண்டு. 1899இல் ‘சிம்ரிக்’ என்ற பெயரில் வெள்ளிச் சாமான் வரிசையைக் கொண்டுவந்தார். விற்பனை லண்டனில், தயாரிப்பு பெரும்பாலும் பர்மிங்காமின் ஹேஸ்லர் தொழிற்சாலையில். 1901இல் இரு தரப்பும் சேர்ந்து தனி நிறுவனமே பதிவு செய்தன. அந்தக் கூட்டு 1926 வரை நீடித்தது. வெள்ளி வாங்க வசதியில்லாதவருக்கு ‘டியூட்ரிக்’ என்று பியூட்டர் (வெள்ளீயக் கலவை) வரிசையும் வந்தது.

ஹேஸ்லர் பட்டறையில் அச்சுக்கட்டையும் கடைசல் இயந்திரமும் இருந்தன. தகட்டை அச்சில் வைத்து அழுத்தினால் நிமிஷத்தில் கிண்ணம். ஆனால் வாங்குகிறவர்களுக்கு அப்போது கைவேலை மோகம். அதனால் சுத்தியல் தடத்தையும் சில சாமான்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். சிலவற்றில் அச்சிலேயே தடம் வெட்டியிருந்தது. இயந்திரம் செய்த சாமானுக்குக் கை செய்ததற்கான தழும்பு! கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே மாதிரித் தட்டு இரண்டை அருகருகே வையுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே குழி இருந்தால் அடித்தது மனிதன் அல்ல.

இயந்திரச் சாமானின் விலைக்குக் கைவேலைப் பட்டறையால் ஈடு கொடுக்க முடியவில்லை. ஆஷ்பி 1902இல் லண்டனையே விட்டு, தொழிலாளர்களும் குடும்பங்களுமாக ஏறத்தாழ 150 பேரோடு காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் சிப்பிங் காம்ப்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். பழைய பட்டு ஆலை ஒன்று பட்டறையாயிற்று. ஐந்தாறு வருஷம் தாங்கியது. 1908 வாக்கில் நிறுவனத்தைக் கலைத்துவிட்டார்கள். கடைக்காரர்களின் மலிவுச் சரக்கையும் பொழுதுபோக்குக்காக வெள்ளி தட்டிய சீமாட்டிகளையும் ஆஷ்பி நொந்துகொண்டார். பாவம்தான். ஆனால் அவரே 1911இல், நவீன நாகரிகம் இயந்திரத்தின்மேல்தான் நிற்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். கையா இயந்திரமா என்ற வழக்கில் நாம் அவரைவிடக் கண்டிப்பாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: சங்கம் கலைந்த பிறகும் ஜார்ஜ் ஹார்ட் என்ற வெள்ளிவேலைக்காரர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் வழிவந்தவர்கள் இன்றைக்கும் அதே பட்டு ஆலையில் வெள்ளி அடிக்கிறார்கள்.

நம்மவர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். கொழும்புத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, காம்ப்டனை அடுத்த பிராட் காம்ப்டனில் பாழடைந்து கிடந்த நார்மன் காலத்துக் கோயில் ஒன்றை ஆஷ்பியைக் கொண்டு வீடாக்கிக் குடியிருந்தார். மாரிஸ் தன் புத்தகங்களை அச்சிட்ட அதே அச்சுப்பொறி ஆஷ்பியிடம் வந்து, பிறகு குமாரசுவாமியிடம் வந்தது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை அதில் 1908இல் 425 பிரதிகள் அச்சிட்டார். கண்டி நாட்டுப் பொற்கொல்லன் எப்படி உட்கார்ந்து வேலை செய்தான், எந்தச் சாதியான், என்ன கூலி என்றெல்லாம் அக்கறையாக விசாரித்த புத்தகம். கைவினைஞனைத் தேடி அவர் இலங்கையில் ஊர் ஊராகப் போனார். நாமோ கிண்ணத்தைத் திருப்பி அடியில் கடைப் பெயரைப் பார்த்ததும் திருப்திப்பட்டுவிடுகிறோம்.

இப்போது நாக்ஸ். ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் 1864இல் ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்தவர். அந்தத் தீவு முழுக்கப் பின்னல் கோலம் செதுக்கிய பழைய கற்சிலுவைகள் உண்டு. சிறு வயதிலிருந்தே அவற்றைப் பார்த்து வளர்ந்த கண். நமக்குச் சிக்குக்கோலம் கண்ணில் படிந்திருப்பதுபோல அவருக்கு அந்தப் பின்னல். லிபர்டிக்காக நூற்றுக்கணக்கில் வடிவங்கள் வரைந்தார். ஒரே கோடு தண்டாகக் கிளம்பி, முடிச்சாகச் சுற்றி, இலையாக முடியும். வளைவு எவ்வளவு ஓடினாலும் எங்கேயோ ஒரு கட்டுப்பாடு பிடித்து நிறுத்தும். ஐரோப்பியக் கண்டத்து ஆர்ட் நூவோவில் இல்லாத அடக்கம் அது.

அவர் பெயரை லிபர்டி வெளியில் சொல்லவில்லை. வடிவமைத்தவர் யாரென்று சொல்லாமல் கடைப் பெயரில் விற்பது அந்தக் கடையின் வழக்கம். நாக்ஸும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. கலைப்பள்ளிகளில் பாடம் நடத்தினார், நீர்வண்ண ஓவியம் தீட்டினார், முதல் உலகப் போரில் தீவின் நாக்கலோ முகாமில் கைதிகளின் கடிதங்களைத் தணிக்கை செய்தார், 1933இல் இறந்தார். 1917இல் லிபர்டி இறந்தபோது அவருடைய கல்லறைக் கல்லுக்கு வடிவம் வரைந்தவரும் அவரே. முதலாளியின் பெயரை நாக்ஸ் கல்லில் அழகாக எழுதிக் கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

மறைந்திருந்த பெயர் பிற்காலத்தில் வெளியே வந்தது நியாயமே. வந்த பிறகு என்ன ஆயிற்று? லிபர்டி முத்திரையும் ஒரு முடிச்சும் இருந்தால் போதும், எல்லாம் நாக்ஸ். ஆலிவர் பேக்கர், பெர்னார்ட் கஸ்னர், ரெக்ஸ் சில்வர், ஜெஸ்ஸி கிங் ஆகியோரும் லிபர்டிக்கு வரைந்தார்கள். ‘நாக்ஸ் செய்தது’ என்று நீங்கள் சொல்கிற பெட்டியை நாக்ஸே வரைந்திருந்தாலும், அவர் அதைச் செய்யவில்லை. அச்சு வெட்டியவர், தகடு அழுத்தியவர், பொடி வைத்து மூட்டுகளைப் பற்றவைத்தவர், எனாமல் பொடியைக் குழிகளில் நிரப்பிச் சூளையில் வைத்து நீலம் பச்சையோடு கலக்கும் அந்த நொடியில் வெளியே எடுத்தவர், இவர்கள் எல்லாரும் பர்மிங்காமில் இருந்தார்கள். எனாமல்காரர் கை கொஞ்சம் தாமதித்திருந்தால் நாக்ஸின் வரைபடம் வெறும் காகிதம்.

சுத்தியல் தடம் பொய்யானால் சாமானும் பொய்யா? இல்லை. நாக்ஸின் சிறந்த வடிவங்கள் பொய்த்தடம் எதுவும் இல்லாத வழுவழுப்பான பரப்பில்தான் நன்றாக நிற்கின்றன. டியூட்ரிக் பியூட்டர்ச் சாமானை ‘ஏழைகளின் வெள்ளி’ என்று நீங்கள் ஒதுக்குவதையும் நான் ஏற்கவில்லை. அதே கோடு, அதே பின்னல். ஒளி மட்டும் கொஞ்சம் மங்கல். விலை குறைவு. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.

முத்திரை பற்றிச் சுருக்கமாக. நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன். அந்நாளில் கிரீடம் என்றால் ஷெஃபீல்ட். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். கூடவே வரும் முதலெழுத்துகள், பொருளைச் சோதனைக்கு அனுப்பியவருடையவை. அவர் செய்தவராக இருக்கவேண்டும் என்று சட்டமில்லை, கடைக்காரராகவும் இருக்கலாம். ஆக, பொருளை வரைந்தவரையும் அடித்தவரையும் தவிர மற்ற எல்லாவற்றையும் முத்திரை சொல்லிவிடுகிறது. அரசர் தலை முத்திரை 1890இல் நின்றுபோனது. 1902 என்று சொல்லி விற்கும் சாமானில் அது இருந்தால் உஷாராகுங்கள். நீள்வட்டத்துக்குள் 925 என்ற எண் சிங்கத்தோடு சேர்ந்து இருந்தால், 1999 முதல் அமலில் உள்ள ஏற்பாட்டின்படி முத்திரையிட்ட புதுச் சரக்கு. வளைந்த மலர்கள் போட்ட படச்சட்டங்கள் இன்றும் ஏராளமாக வருகின்றன. அவற்றை வாங்கக்கூடாது என்பதில்லை, பழையது என்று நம்பி வாங்கக்கூடாது, அவ்வளவே.

வாங்கிய பிறகு வீட்டில் நடப்பதுதான் எனக்குப் பெரிய பயம். விபூதி, பல்பொடி, புளி, எலுமிச்சை. பூஜை அறை வெள்ளிக்கு இதெல்லாம் பழகிப்போனவை. இந்தச் சாமான் தாங்காது. தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்கு வெள்ளி போகிறது. முத்திரை மழுங்குகிறது. விட்டுவைத்த சுத்தியல் முகங்கள் மறைகின்றன. எனாமல் என்பது உலோகத்தில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. அமிலம் பட்டால் ஒளி மங்கும், தட்டினால் பெயரும். டர்காய்ஸ் கல் எண்ணெயை உறிஞ்சி நிறம் மாறும். மென்மையான துணி, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, உடனே துடைத்துவிடுங்கள். இடுக்குகளில் கறுப்பு தங்கினால் தங்கட்டும்; பின்னல் கோலம் எடுப்பாகத் தெரிவதே அதனால்தான். ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுக்க வைக்கும்.

அதற்காகக் கண்ணாடி அலமாரியில் பூட்டியும் வைக்காதீர்கள். ஜாம் கிண்ணம் ஜாமுக்காகச் செய்தது. பழம், பிஸ்கட், சர்க்கரை வைத்துப் பரிமாறுங்கள். உப்பு, ஊறுகாய் மட்டும் வேண்டாம்; உப்பு வெள்ளியை அரித்துவிடும். கை படப்படத்தான் கைப்பிடி ஏன் அந்த வளைவில் இருக்கிறது என்பது புரியும்.

தேநீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பிடி சுடாமலிருக்க நடுவே வெள்ளை வில்லை வைத்திருப்பார்கள், அது பெரும்பாலும் யானைத்தந்தம். பிரிட்டனில் 2022 முதல் தந்தம் உள்ள பொருளை விற்கக் கட்டுப்பாடு உண்டு. 1947 மார்ச்சுக்கு முன் செய்ததாகவும், தந்தம் மொத்த அளவில் பத்து சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் பதிவு செய்து விற்கலாம். பதிவு எண் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இன்னும் சிக்கல். தந்தம் உள்ளதை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் சேகரிப்புக்குப் பட்டியல் எழுதுகிறீர்கள், கண்காட்சிக்கு இரவல் கொடுக்கிறீர்கள், குழந்தைகளுக்குக் காட்டுகிறீர்கள். அங்கெல்லாம் ‘நாக்ஸ், 1903’ என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். வரைந்தவர் யார், உறுதியா ஊகமா. செய்தது எந்த ஊர், எந்தப் பட்டறை. விற்றது எந்தக் கடை. அச்சா கையா: இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். பட்டறை ஆளின் பெயர் கிடைக்காத இடத்தில் அந்த வரியைக் காலியாக விடுங்கள், வேறு பெயரை இட்டு நிரப்பவேண்டாம்.

என் கருத்துக் கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் இனிமேல் அடிப்பக்கத்தையும் உட்புறத்தையும் கைப்பிடி சேரும் மூட்டையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் மட்டும் அனுப்பினால் பதில் எழுதமாட்டேன். எடை எழுதவேண்டியதில்லை.

அன்புடன்,
வெள்ளிப் பைத்தியம் பிடித்த உங்களில் ஒருவன்